செரட்டோனின் கேப்சூல் விழுங்கினால் மூளைக்குப் போய்ச் சேருமா?

மருந்துக்கடை மேசை (கேள்வி)

கவுண்டரில் நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. போனை நீட்டி, “இந்த சந்தோஷ ஹார்மோன் கேப்சூல் இருக்கா?” என்கிறார்கள். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘செரட்டோனின்’ என்று இருக்கிறது. பின்னால் திருப்பிப் பார்த்தால் செரட்டோனினே இல்லை. எழுதியிருப்பது இதுதான்: ஒரு சர்விங்கில் கிரிஃபோனியா விதைச் சாறு 200 மி.கி., அதில் 5-எச்டிபி (செரட்டோனின் ஆவதற்கு முந்தைய பொருள்) 98 சதவீதம், வைட்டமின் பி6 10 மி.கி., ஒரு சர்விங் என்றால் 2 கேப்சூல்.

தெரிந்தவர்கள் நாலு விஷயம் சொல்லுங்கள். செரட்டோனினை அப்படியே மாத்திரையாகப் போட்டால் என்ன? 5-எச்டிபி போட்டால் அது உண்மையிலேயே மூளையில் செரட்டோனின் ஆகிறதா? வாங்கிப் போனவர்களில் நிறையப் பேர் ‘வயிற்றைப் புரட்டுகிறது’ என்று திருப்பிக் கொண்டுவருவது ஏன்? எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்குக் கொடுக்கலாமா? ‘வாழைப்பழத்திலேயே செரட்டோனின் இருக்காமே’ என்று கேட்பவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

---

நொதி நோட்டு

முதல் கேள்வியையும் வாழைப்பழத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

செரட்டோனின் என்ற பெயரிலேயே மூளை கிடையாது. 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் ராப்போர்ட், கிரீன், பேஜ் மூவரும் ரத்தத்தின் சீரத்திலிருந்து, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சீரம், டோன் இரண்டையும் ஒட்டவைத்து வந்த பெயர் அது. அதற்கும் முன்பே இத்தாலியில் எர்ஸ்பாமர் அதே பொருளைக் குடல் சுவரில் கண்டு ‘என்டரமீன்’ என்று பெயர் வைத்திருந்தார். மூளையிலும் இருக்கிறது என்பது பெட்டி டுவாரோக் வேலையால் 1953-ல்தான் வெளியே வந்தது. இன்றைய கணக்கிலும் உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான். மூளையில் இருப்பது சொற்பம். ‘சந்தோஷ ஹார்மோன்’ என்ற பட்டம் விளம்பரக்காரர்கள் சூட்டியது. குடலைக் கேட்டால் ‘பேதி ஹார்மோன்’ என்று சொல்லும்.

செரட்டோனினை வாயில் போட்டால் வழியில் மூன்று காவல். குடல் சுவரிலும் கல்லீரலிலும் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைப் பிடித்து உடைக்கிறது. தப்பித்து ரத்தத்துக்கு வருவதைத் தட்டணுக்கள் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. அதையும் தாண்டி வருவதற்கு மூளையின் வாசலில், அதாவது ரத்த-மூளைத் தடுப்பில், அனுமதி இல்லை. மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே சமைத்துக்கொள்கிறது.

இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டுகிறது. கார்சினாய்டு (பெரும்பாலும் குடலில் வரும் ஒரு வகைக் கட்டி) உள்ளவர்கள் சிலருக்கு அந்தக் கட்டியே செரட்டோனினைச் சுரந்து ரத்தத்தில் கொட்டுகிறது. அது போதுமென்றால் அவர்கள் ஆனந்தத்தில் மிதக்க வேண்டும். அவர்களுக்கு வருவது முகச் சிவப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, நாளடைவில் இதயத்தின் வலப்பக்க வால்வுகள் தடித்துப்போவது. இடப்பக்கம் பெரும்பாலும் தப்பிக்கிறது, ஏனென்றால் நடுவில் உள்ள நுரையீரல் செரட்டோனினை உடைத்துவிடுகிறது.

வாழைப்பழமும் இதே கதைதான். அதில் செரட்டோனின் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேருமிடம் சிறுநீர். உடைந்து 5-எச்ஐஏஏ என்ற கழிவாக வெளியேறும். கார்சினாய்டு சந்தேகத்துக்கு 24 மணி நேரச் சிறுநீர் பிடிக்கச் சொல்லும்போது, இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட், கிவி, அவகாடோ வேண்டாம் என்பார்கள். சாப்பிட்டால் இல்லாத கட்டி ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துவிடும். ஆக, வாழைப்பழத்தின் செரட்டோனினால் மாறுவது லேப் ரிப்போர்ட்தான், மனசு இல்லை. மலச்சிக்கலுக்குச் சாப்பிடுங்கள்.

இனி மூலப்பொருள். மூளை செரட்டோனின் செய்வது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து. இரண்டு படி. முதல் படியில் டிரிப்டோஃபான் ஹைட்ராக்சிலேஸ் நொதி அதை 5-எச்டிபி ஆக்கும். இதுதான் மெதுவான, கட்டுப்படுத்தும் படி. இரண்டாம் படியில் டீகார்பாக்சிலேஸ் நொதி, பி6 துணையோடு, 5-எச்டிபியைச் செரட்டோனின் ஆக்கும். இது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

அப்படியானால் டிரிப்டோஃபான் நிறைந்த சாப்பாடு போதாதா என்று அடுத்து கேட்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனக் கணக்கில், கிலோவுக்கு 4 மி.கி. வீதம், நாளுக்கு 240 மி.கி. போதும். ஒரு முட்டையில் 75 மி.கி. சுமார், ஒரு பெரிய டம்ளர் பாலில் 100 மி.கி. சுமார். பருப்பு, தயிர் சாப்பிடும் வீட்டில் இது பற்றாக்குறை ஆவதில்லை. சிக்கல் வாசலில். டிரிப்டோஃபான் மூளைக்குள் போகும் அதே வாசல் வழியாகத்தான் லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் எல்லாம் போகின்றன. பெரும்பாலான புரதங்களில் டிரிப்டோஃபான் மிகக் குறைவு. முட்டையைச் சாப்பிட்டால் டிரிப்டோஃபான் கொஞ்சம் வரும், போட்டிக்காரர்கள் கும்பலாக வருவார்கள். முடிவில் வாசலில் அதன் பங்கு கூடுவதற்குப் பதில் குறையும்.

ஃபெர்ன்ஸ்ட்ராம், வுர்ட்மன் என்ற ஆய்வாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் எலிகளில் காட்டியது இதன் மறுபக்கம். புரதமே இல்லாத மாவுச்சத்து கொடுத்தால் இன்சுலின் சுரந்து மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிடும். டிரிப்டோஃபான் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் பெரும்பாலும் தங்கிவிடும், வாசலில் கூட்டம் குறையும். ‘இனிப்பு சாப்பிட்டால் செரட்டோனின் ஏறும்’ என்ற பேச்சுக்கு வேர் இதுதான். ஆனால் சாப்பாட்டில் புரதம் சில சதவீதம் கலந்தாலே அந்த விளைவு காணாமல் போகிறது. வெறும் அரிசியிலேயே கலோரியில் எட்டு சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு. இட்லியில் உளுந்து வேறு சேருகிறது. நம் ஊர் டிபன் எதையும் வைத்து இந்த வித்தையைச் செய்ய முடியாது.

---

பார்மகாலஜி பெஞ்ச்

மேலே சொன்னதில் விட்டுப்போன ஒன்று. உள்ளே வரும் டிரிப்டோஃபானில் பெரும்பகுதி செரட்டோனின் பக்கமே திரும்புவதில்லை. புரதம் கட்டப் போனது போக, உடைபடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் கல்லீரலில் கைனுரெனின் என்ற வேறு பாதையில் போகிறது. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ஒரு படி தாண்டி 5-எச்டிபியைப் பிடித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக கானா பக்கம், விளையும் கிரிஃபோனியா கொடியின் விதையில் அது இயற்கையாகவே நிறைய இருக்கிறது.

உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 5-எச்டிபி மூளைக்குள் போகுமா? போகும். செரட்டோனின் ஆகுமா? ஆகும். இதைப் பொய் என்று ஒதுக்குவது சரியில்லை. 5-எச்டிபி கொடுத்தால் ரத்தத்தில் கார்ட்டிசால் ஹார்மோன் ஏறுவதை வைத்து செரட்டோனின் இயக்கத்தைச் சோதிப்பது மனநல ஆராய்ச்சியில் பழைய முறை. தொல்லை என்னவென்றால், டீகார்பாக்சிலேஸ் மூளையில் மட்டும் இல்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம் எங்கும் இருக்கிறது. மெதுவான படியைத் தாண்டிவிட்டதால் கட்டுப்பாடும் போய்விட்டது. விழுங்கியதில் நல்ல பங்கு மூளையைப் பார்ப்பதற்கு முன்பே வயிற்றிலேயே செரட்டோனின் ஆகிவிடும்.

அந்தச் செரட்டோனின் குடலில் உள்ள 5-எச்டி3 என்ற ஏற்பிகளை (செரட்டோனின் வந்து ஒட்டும் இடங்களை) தட்டும். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக வாந்தி மையத்துக்குச் சேதி போகும். நீங்கள் கவுண்டரில் தினமும் எடுத்துக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் அடைப்பது இதே ஏற்பியைத்தான். கேப்சூல் ஒரு பக்கம் வாந்தியை எழுப்புகிறது, பக்கத்து ராக்கில் அதை அடக்கும் மாத்திரை. திருப்பிக் கொண்டுவருபவரிடம் ‘சரக்கு கெட்டுப்போச்சு’ என்று சமாதானம் சொல்ல வேண்டாம். சரக்கில் 5-எச்டிபி உண்மையாகவே இருந்தால் புரட்டத்தான் செய்யும்.

பார்கின்சன் மருந்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே மூளைக்கு வேண்டியது டோபமின். அதுவும் தடுப்பைத் தாண்டாது. அதனால் முந்தைய படியான லெவோடோபாவைக் கொடுக்கிறோம். தனியாகக் கொடுத்தால் பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகி வாந்தி. அதனால்தான் கார்பிடோபாவைச் சேர்த்தே மாத்திரை வருகிறது. கார்பிடோபா வெளியே உள்ள டீகார்பாக்சிலேஸை மட்டும் அடைக்கும், தான் மூளைக்குள் போகாது. 5-எச்டிபி ஆராய்ச்சிகளிலும் பலவற்றில் கார்பிடோபா சேர்த்தே கொடுத்தார்கள். கடையில் விற்கும் கேப்சூலில் அது கிடையாது, இருக்கவும் கூடாது, அது டாக்டர் சீட்டு மருந்து.

இப்போது உங்கள் டப்பாவில் உள்ள அந்த 10 மி.கி. பி6-ஐப் பாருங்கள். ‘பி6 செரட்டோனின் உற்பத்திக்கு உதவும்’ என்று போட்டிருப்பார்கள். உதவும், எங்கே என்பதுதான் கேள்வி. கார்பிடோபா வருவதற்கு முன் லெவோடோபா சாப்பிட்டவர்களிடம் பி6 மாத்திரை வேண்டாம் என்று சொன்னார்கள், ஏனென்றால் பி6 வெளியே நடக்கும் மாற்றத்தை வேகப்படுத்தி மருந்தைச் செல்லாததாக்கியது. அதே தர்க்கத்தில் பார்த்தால் 5-எச்டிபியோடு பி6 சேர்ப்பது ஓட்டை வாளியில் இன்னொரு ஓட்டை போடுவது.

வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஆதாரத்தின் நிலை: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2002-ல் டிரிப்டோஃபான், 5-எச்டிபி இரண்டையும் மனச்சோர்வுக்கு வைத்து நடந்த 108 ஆய்வுகளைத் தேடி எடுத்தது. தரம் பார்த்துச் சலித்ததில் நின்றவை இரண்டு. இரண்டிலும் சேர்த்து 64 பேர். அந்த இரண்டில் வெற்று மாத்திரையைவிடக் கொஞ்சம் மேலாகத்தான் இருந்தது. ஆனால் 64 பேரை வைத்து ஒரு மருந்தைப் பரிந்துரைக்க முடியாது. உடம்பில் 5-எச்டிபியின் அரை ஆயுளும் (பாதி தீர எடுக்கும் நேரம்) இரண்டு மணி நேரம் அளவுதான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் இடையில் ஏறி இறங்கும் மலைச்சாலை. சீராக நிற்காது.

---

லேபிள் லென்ஸ்

டப்பாவைப் படிப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் சர்விங். உங்கள் டப்பாவில் 200 மி.கி. என்பது 2 கேப்சூலுக்கு. 98 சதவீதம் என்றால் 196, ஒரு கேப்சூலில் 98 மி.கி. 5-எச்டிபி. இன்னொரு கம்பெனி ‘கிரிஃபோனியா சாறு 200 மி.கி.’ என்று மட்டும் போட்டு, பொடி எழுத்தில் 30 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் 60 மி.கி.தான். சதவீதமே போடாவிட்டால் உள்ளே எவ்வளவு என்று கணக்கே கிடையாது. இரண்டு டப்பாவும் ஒரே ‘200’ என்று நம்பி மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கு மூன்று மடங்கு போய்விடும். வாந்தி புகார் இப்படி பிராண்டு மாறும்போதும் வரலாம்.

பி6-ஐயும் கூட்டிப் பாருங்கள். நாள் தேவை 2 மி.கி. பக்கம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கு மேல் வரம்பை நாளுக்கு 12 மி.கி. ஆகக் குறைத்துவிட்டது. அமெரிக்காவில் இன்னும் 100. இந்தக் கேப்சூலில் ஒரு சர்விங்குக்கு 10, கூடவே வாடிக்கையாளர் ஏற்கெனவே வாங்கும் நரம்பு மாத்திரையில் எவ்வளவு? மாதக்கணக்கில் அதிக பி6 போனால் கால் மரத்துப்போகும். மரத்துப்போனது என்று இன்னும் ஒரு நரம்பு மாத்திரை வாங்குவார். அதிலும் பி6 இருக்கும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி இவை உணவு வகைதான். 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். முன்பக்கம் மனச்சோர்வைப் போக்கும் என்றும் பின்பக்கம் மருந்தல்ல என்றும் ஒரே டப்பா பேசினால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உரிம எண் இருப்பதால் சரக்கு வேலை செய்யும் என்று அரசு சொன்னதாக ஆகாது.

தூய்மைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால் 1989. அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மனசுக்கும் என்று டிரிப்டோஃபான் மாத்திரை தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது. திடீரென்று தசை பிய்த்தெடுக்கும் வலி, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளையணு எகிறுவது என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 37 பேராவது இறந்தார்கள். இயோசினோஃபிலியா-மையால்ஜியா நோய் என்று பெயர். துப்புத் துலக்கிப் போனால் கிட்டத்தட்ட எல்லாம் ஜப்பானில் ஒரே தயாரிப்பாளரின் சரக்கு. அவர்கள் நொதிக்க வைக்கும் பாக்டீரியா வகையையும் மாற்றியிருந்தார்கள், வடிகட்டும் கரித்தூள் அளவையும் குறைத்திருந்தார்கள். நுணுக்கமான மாசுகள் உள்ளே தங்கிவிட்டன. எந்த மாசு குற்றவாளி என்பது இன்றுவரை முழுசாக முடிவாகவில்லை. பாடம் என்னவென்றால், 99 சதவீதம் தூய்மை என்றாலும் மீதி ஒரு சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். மொத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் அந்த பேட்ச் எண்ணுக்கான பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். பொதுவான ஒரு சான்றை எல்லா பேட்ச்சுக்கும் அனுப்பினால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

---

மருந்துக்கடை மேசை

பி6 விஷயம் யோசிக்கவே இல்லை. லேபிள் சார், சர்விங் கணக்குக்கு நன்றி. எஸ்சிடலோபிராம் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் போடவில்லையே? ‘ரெண்டுமே செரட்டோனினுக்குத்தானே, சேர்ந்து சாப்பிட்டா சீக்கிரம் சரியாகும்’ என்கிறார்கள். இன்னொன்று, எஸ்சிடலோபிராம் செரட்டோனினைக் கூட்டுகிறது என்றால் மனச்சோர்வு என்பதே செரட்டோனின் குறைவுதானே?

---

வார்டு ரவுண்ட்ஸ்

சேர்க்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

எஸ்சிடலோபிராம் புதிதாகச் செரட்டோனின் எதையும் தருவதில்லை. நரம்பு முனையில் வெளியே வந்த செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் பம்பை அடைக்கிறது. வடிகாலை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவதுதான் அதோடு 5-எச்டிபி சேர்ப்பது. நிரம்பி வழிந்தால் வருவதற்கு செரட்டோனின் சிண்ட்ரோம் என்று பெயர். 5-எச்டிபி சேர்ந்த எல்லாருக்கும் வந்துவிடாது. உயிரை எடுக்கும் அளவுக்குப் போவது பெரும்பாலும் மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் மருந்து இடையில் இருக்கும்போது. ஆனால் யாருக்கு வரும் என்று கவுண்டரில் நின்று சொல்ல முடியாது.

கடைக்காரர் கண்ணில் படாமல் நழுவும் மருந்துகள் இவை. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், சாதாரண வறட்டு இருமல் சிரப். டிரமடால், வலிக்கு. லினசோலிட்: இது ஆன்டிபயாட்டிக் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் அது லேசாக மோனோஅமீன் ஆக்சிடேஸையும் தடுக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் லினசோலிட் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோர்வும் மனத்தளர்ச்சியும் இயல்பு. அவர்களே இந்தக் கேப்சூலைத் தேடி வருவார்கள். பார்கின்சனுக்கு செலிஜிலின், ரசாஜிலின். மைக்ரேனுக்கு சுமாட்ரிப்டான். ஃபுளுஆக்சிடின் நிறுத்திவிட்டேன் என்று சொல்பவரும் கணக்கில் வருவார், அதுவும் அதன் வழிப்பொருளும் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம் பிடிக்கும்.

வந்தால் எப்படி இருக்கும்: பெரும்பாலும் மருந்து சேர்த்த அல்லது அளவு கூட்டிய சில மணி நேரத்திலேயே, ஒரு நாளுக்குள். கை நடுக்கம், நிலைகொள்ளாமை, வியர்வை, வயிற்றுப்போக்கு, கண்மணி விரிவு, படபடப்பு. ரொம்பத் துல்லியமான அடையாளம் கால். பாதத்தை முன்பக்கமாகச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தால், பாதம் தானாகத் துள்ளித் துள்ளி அடிக்கும். குளோனஸ் என்போம். இது கைகளைவிடக் கால்களில் தெளிவாகத் தெரியும். அடுத்த கட்டம் தசை விறைப்பு, காய்ச்சல். அந்தக் காய்ச்சல் தசை ஓயாமல் வேலை செய்வதால் வருவது, பாராசிட்டமால் கேட்காது. பாராசிட்டமால் கொடுத்து வீட்டில் படுக்கவைத்து நேரத்தைக் கோட்டைவிடுவதுதான் வழக்கமான தப்பு. 108-ஐக் கூப்பிட்டு, சாப்பிட்ட எல்லா டப்பாவையும், சிரப் உட்பட, ஒரு பையில் போட்டு அனுப்புங்கள்.

ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரியில் இதற்குக் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்று சைப்ரோஹெப்டடின். உங்கள் கடையில் ‘பசி எடுக்க’ என்று குழந்தைகளுக்கு விற்கும் அதே சரக்கு. அது செரட்டோனின் ஏற்பியை அடைக்கும். பெரியவர்களுக்கு முதலில் 12 மி.கி., அப்புறம் அறிகுறி பார்த்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. என்பது வழக்கமான அளவு. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன், கடையில் வைத்து ஊற்றிக் கொடுக்க அல்ல. முக்கிய சிகிச்சை மருந்தை நிறுத்துவதும், தூக்க மருந்து கொடுத்துத் தசையை அடக்குவதும், சூட்டைத் தணிப்பதும்.

எதிர்த் தப்பும் நடக்கிறது. ‘இது இயற்கை’ என்று கேப்சூலை வைத்துக்கொண்டு எஸ்சிடலோபிராமைத் திடீரென்று நிறுத்துகிறார்கள். நாலைந்து நாளில் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடிப்பது போல, எரிச்சல், தூக்கமின்மை. அதைப் பார்த்து ‘நோய் திரும்பிடுச்சு’ என்று கேப்சூலை இரட்டிப்பாக்குவார்கள். நிறுத்த வேண்டுமானால் எழுதிக் கொடுத்த டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ஆபரேஷன் தேதி குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே 5-எச்டிபியை விட்டுவிட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். செரட்டோனின் சிண்ட்ரோமைக் கிளப்பக்கூடிய பெதிடின், ஃபென்டனில், டிரமடால், மெத்திலீன் புளூ எல்லாம் ஆபரேஷன் அறையில் காத்திருக்கின்றன. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்கவே வேண்டாம்.

---

பார்மகாலஜி பெஞ்ச்

‘குறைவுதானே காரணம்’ என்ற கேள்விக்கு நான் வருகிறேன். அவ்வளவு நேராக இல்லை. எஸ்சிடலோபிராம் பம்பை அடைப்பது முதல் மாத்திரையிலேயே, சில மணி நேரத்தில். மனசு தெளிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகிறது. குறைந்ததை நிரப்புவதுதான் வேலை என்றால் அன்று மாலையே தெரிய வேண்டுமே? இடையில் ஏற்பிகள் மாறுகின்றன, இணைப்புகள் மாறுகின்றன. அந்த வாரங்கள்தான் சிகிச்சை.

1990-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோ குழு செய்தது சுவாரசியமானது. மருந்தில் குணமாகி இருந்தவர்களுக்கு டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத, மற்ற அமினோ அமிலங்கள் கலந்த ஒரு பானம் கொடுத்தார்கள். மொத்தம் 100 கிராம் அளவு, குடிக்கவே குமட்டும். போட்டிக்காரர்கள் வாசலை நிறைத்துவிட, ரத்தத்தில் டிரிப்டோஃபானும் விழுந்துவிட, செரட்டோனினை நம்பிய மருந்தில் இருந்தவர்களில் பலருக்கு அதே நாளில் சோர்வு திரும்பியது. சாதாரண சாப்பாட்டுக்கு வந்ததும் சரியானது. ஆனால் மனச்சோர்வு வரலாறே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு இதேபோல் கொடுத்தபோது பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, மருந்தின் வேலைக்குச் செரட்டோனின் தேவை. சோர்வின் பிறப்பிடம் அது மட்டும்தான் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. 2022-ல் லண்டனில் மான்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியதும் நினைவிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ‘அப்போ மாத்திரையே பொய்’ என்று கிளம்பியவர்கள் தப்பாகப் படித்தவர்கள். பாராசிட்டமால் தலைவலியைக் குறைக்கிறது, பாராசிட்டமால் குறைவால் தலைவலி வருவதில்லை.

---

நொதி நோட்டு

லெவோடோபா பேச்சு வந்ததால் ஒரு இடைச்செருகல். சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் பூனைக்காலி விதையில் லெவோடோபா சில சதவீதம் வரை உண்டு. 1937-ல் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்துக் காட்டியவர்கள் சென்னையில் வேலை பார்த்த தாமோதரனும் ராமசாமியும். இப்போது அதுவே ‘டோபமின் பூஸ்டர்’ கேப்சூலாக ஆன்லைனில் வருகிறது. 5-எச்டிபிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்: கார்பிடோபா இல்லை, வயிற்றைப் புரட்டும், அளவு விதைக்கு விதை மாறும். பார்கின்சன் மாத்திரை சாப்பிடுகிற தாத்தா இதையும் சேர்த்தால் கைகால் முறுக்கிக்கொள்ளும் அசைவுகள் கூடும்.

---

மருந்துக்கடை மேசை

கவுண்டரில் கிடைப்பது ஒரு நிமிஷம். அதற்குள் என்ன கேட்பது? கடைசியாக ஜிம் பையன்கள் ‘பிஇஏ பவுடர்’ என்று ஒன்று கேட்கிறார்கள், சாக்லேட்டில் இருக்கும் காதல் கெமிக்கலாம். அதுவும் இதே கேஸா?

---

வார்டு ரவுண்ட்ஸ்

மூன்று கேள்வி போதும். ‘வேறு என்ன மாத்திரை, சிரப் சாப்பிடுறீங்க?’ என்று கேளுங்கள், சிரப் என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன பட்டியலில் ஒன்று வந்தாலும் விற்க வேண்டாம். ‘எத்தனை நாளா இப்படி?’ இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் என்றால் டாக்டர். போகும்போது டிஎஸ்எச் (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மந்தம், ரத்தசோகை, பி12 குறைவு எல்லாம் மனச்சோர்வு வேஷம் போட்டு வரும். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மினும் (சர்க்கரை மாத்திரை) பான்டப்ரசோலும் (அசிடிட்டி மாத்திரை) வாங்கும் சைவக்காரர் வந்தால் பி12 மேல்தான் என் முதல் சந்தேகம். மூன்றாவது கேள்வியை மெதுவாக, பக்கத்தில் ஆள் இல்லாதபோது: ‘உயிரோட இருந்து என்னன்னு தோணுதா?’ ஆமாம் என்றால் அங்கே கேப்சூல் பேச்சே இல்லை. டெலி-மானஸ் 14416, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கூட வந்தவரிடம், இவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை.

எல்லாவற்றையும் கேட்டும் ஒருவர் பிடிவாதமாக வாங்குகிறார், வேறு மருந்து எதுவும் இல்லை என்றால் 50 மி.கி. டப்பாவைக் கொடுங்கள், சாப்பாட்டோடு, ஒரு நாளைக்கு ஒன்று. இரண்டு டப்பா வாங்க விடாதீர்கள்.

---

பார்மகாலஜி பெஞ்ச்

பிஇஏ, அதாவது ஃபினைல்எத்திலமின், இதைவிட மோசமான கேஸ். இது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டும், அந்த மட்டில் செரட்டோனினைவிட மேல். ஆனால் மோனோஅமீன் ஆக்சிடேஸ்-பி அதைச் சில நிமிஷங்களில் தீர்த்துவிடும். சாக்லேட்டில் உள்ள மி.கி. கணக்கு மூளை வரை வந்து சேர்வதில்லை. அதனால்தான் பவுடர் வாங்குகிறவன் நாலைந்து நாளில் அளவை ஏற்றிக்கொண்டே போவான். ஏற்றினால் கிடைப்பது காதல் இல்லை, படபடப்பும் ரத்த அழுத்தமும். அவனுடைய அப்பா செலிஜிலின் சாப்பிடுகிறார், டப்பா இரண்டும் ஒரே அலமாரியில் என்றால் அது தனி ஆபத்து. செலிஜிலின் தடுப்பது அதே ‘பி’ நொதியைத்தான்.

---

லேபிள் லென்ஸ்

நொதி நோட்டு சொன்ன 24 மணி நேரச் சிறுநீர் டெஸ்டுக்கு ஒரு சேர்ப்பு. வாழைப்பழத்தை நிறுத்தச் சொல்லும் லேப்கள் சில, கேப்சூலைக் கேட்பதில்லை. 5-எச்டிபி சாப்பிட்டுக்கொண்டே பிடித்தால் 5-எச்ஐஏஏ வாழைப்பழத்தைவிடப் பல மடங்கு எகிறும், அடுத்து ஸ்கேன் எழுதுவார்கள். சீட்டைக் கொண்டுவருபவரிடம் கேன் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.